ஜன்னலுக்கு எட்டாத கட்டில்

1

இந்தக் கதை வானத்திலிருந்து குதிக்கவில்லை. பழைய பள்ளிக்கூடத்தைக் குடியிருப்பாக மாற்றியிருக்கிறார்கள். வாசலில் மாட்ட அதன் வரலாற்றை எழுதித் தரச் சொல்லி, பாரம்பரியக் குழுத் தலைவர் என்னைப் பிடித்தார். அங்கேயே படித்தவர். "பெருமையா இருக்கணும், சுருக்கமாவும் இருக்கணும்" என்றார்.

'காலத்தை வென்று நிற்கும் இக்கல்விக் கோயில்...'

(அடித்துவிட்டேன். எனக்கே கூச்சமாக இருந்தது.)

'பள்ளியாகப் பிறந்து, தானியக் கிடங்காக வளர்ந்து, வரி அலுவலகமாகத் தேய்ந்து...'

(இதுவும் குப்பைக்கு. தகவல் மட்டும் சரி.)

2

பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக் கெட்டுப்போவார்கள் என்று, ஜன்னல்களை ஆள் உயரத்துக்கு மேலே வைத்த மகான்கள், இந்தப் பள்ளியைக் கட்டியவர்கள். அப்புறம் வந்த தானிய மூட்டைகளுக்கு வேடிக்கை பார்க்கும் வழக்கமில்லை. வரி அலுவலகத்தாருக்கோ உள்ளேயே வேண்டிய வேடிக்கை இருந்தது. ஆகவே ஜன்னல்கள் தப்பித்தன.

இப்போது ஐந்தாம் வகுப்பில் தையல்காரம்மா குடியிருக்கிறாள். அவள் புருஷன் ஆயுள் முழுக்க நாற்சந்தியில் நின்ற போக்குவரத்துக் காவலர். குளியலறையில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். கட்டிலிலிருந்து பார்த்தால் ஒரு துண்டு வானம் தெரியும், அவ்வளவுதான்.

"மேல ஒரு வண்டியும் வரலையே" என்பார். ஹாரன் கேட்டால் போதும்: "லாரிக்காரன் ஒன்வேயில பூந்துட்டான். ஏறிப் பாரு!" அவள் தையலை விட்டு, முக்காலியில் ஏறிப் பார்த்துச் சொல்வாள். அந்த அவசரத்தில் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்ததும் உண்டு.

போன வாரத்திலிருந்து அவர் கேட்பதில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சாப்பாடும் பாதிதான்.

3

ஜன்னலைக் கொஞ்சம் கீழே இறக்கித் தரச் சொல்லித் தலைவரிடம் போனாள்.

"வெளிய பாக்க முடியாததுதாம்மா இந்தக் கட்டடத்தோட ஆன்மா" என்றார் அவர்.

"இப்ப இங்க யாருங்க பாடம் படிக்கிறா?"

இப்படி யாராவது கேட்டால் அவர் குழுவைக் கூட்டுவார். கூட்டினார். குழு ஆன்மாவின் பக்கம் சாய்ந்தது.

4

கதாசிரியன் என்று நான் ஒருவன் எதற்கு இருக்கிறேன்?

முடிவு ஒன்று: தலைவர் மனம் மாறுகிறார். (நீங்களே நம்ப மாட்டீர்கள்.)

முடிவு இரண்டு: காவலர் இறந்துபோகிறார். கதை கனமாகும், நாலு பேர் பாராட்டுவார்கள். இதை எழுதப் போனபோது தையல்காரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்தாள். வேண்டாமென்று விட்டேன்.

முடிவு மூன்று: ஜன்னலுக்கு எதிரே சாய்வாக ஒரு கண்ணாடி மாட்டினேன். காவலர் திரும்பிப் பார்த்தார். நானும் பூரித்தேன்.

"இடது வலதாத் தெரியுது. எவன் மேல தப்புன்னு எப்படிச் சொல்றது?" என்று மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

5

"ஜன்னல் இறங்காட்டி போகுது, கட்டில் ஏறட்டும்" என்றாள் அவள். கிடங்கறையிலிருந்து பழைய மேசைகளை இழுத்துவந்து ஜன்னலோரம் சேர்த்துப் போட்டாள். இடுப்பு அசையக் கூடாது. ஆளைக் கட்டிலோடுதான் தூக்க வேண்டும்.

சத்தம் கேட்டுத் தலைவர் ஓடிவந்தார். "அம்மா, அந்த மேசைங்களும் பாரம்பரியச் சொத்து!"

"அதை அப்புறம் பேசிக்கலாம். இந்தக் கட்டில் காலைப் பிடிங்க."

பிடித்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அல்லவா, அதட்டிச் சொன்னால் செய்துவிடுவார்.

தலைமாட்டில் அவளும் தலைவரும். கால்மாட்டில் ஒரு பக்கம் நான். (எழுதுகிறவன் கையில் எவ்வளவு பலம் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.) அக்கம்பக்கத்தார் வேலைக்குப் போய்விட்டார்கள். நாலாவது காலுக்கு ஆள் இல்லை. வெளியே ஏதோ வண்டி விடாமல் ஹாரன் அடிக்கிறது. காவலர் சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பி, கழுத்தை நீட்டுகிறார்.

தையல்காரம்மா உங்களைத்தான் பார்க்கிறாள்.

"என்னங்க, படிச்சுக்கிட்டே நிக்கிறீங்க? வந்து ஒரு கை கொடுங்க."