மூன்றாம் பலகை

படகு நிறுத்துகிற வள்ளப்புரைக்குள் கால் வைத்ததுமே தாரைப் போன்ற கீல் நாற்றம். பகவதிப்பெருமாள் ஆசாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய வள்ளத்தின் அடியில் மூன்றாம் பலகை உளுத்துவிட்டது, பலகைகளைச் சேர்த்துக் கட்டிய கயிற்றுத் தையலைப் பிரித்து அதை மாற்றியே ஆகவேண்டும் என்று தலைவரிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் இரண்டு நாள் நாகர்கோவில் போயிருந்தார். திரும்பி வந்தால், உள்ளும் புறமும் கீலை மெழுகி வள்ளத்தைக் கல்யாணப்பெண் மாதிரி மினுக்கி வைத்திருக்கிறார்கள்.

கொல்லம் ஆண்டு 1108 ஆவணியில் வள்ளக்கடவுக்காரர்கள் ஆளுக்கொரு கை கொடுத்து எழுப்பிய பொதுப்புரை அது. அதன் தலைவரோ ஆரியசாலை வியாபாரி திரவியம். பொது என்றால் தன்னுடையது என்று அர்த்தம் பண்ணிக்கொண்ட மனிதர்.

"பலகையை மாத்தணும்னு சொன்னேனே, அண்ணாச்சி!"

"மாத்துனா பத்து நாளாவும்னு நீருதானே சொன்னீரு? நாளைக்கு வள்ளம் இறக்க முகூர்த்தம் குறிச்சாச்சு. பெரிய மனுசனுவ வாறானுவ. உமக்குப் பிடிக்கலேன்னா வேற ஆசாரி உண்டு, கேட்டீரா?"

உளுத்த மரத்துக்கு முகூர்த்தம் தெரியுமா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, மனைவி பொன்னம்மையிடம் எரிந்து விழுந்தார். அவருடைய வீரம் அவ்வளவுதான்.

மறுநாள் காலை மாலை சூட்டிய வள்ளம் கரையோரத் தண்ணீரில் நின்றது. முதல் ஓட்டத்துக்குக் கயிறு திரிக்கிற பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். திரவியம் கரையில் தேங்காயும் கையுமாக நின்றார். ஆசாரி பல்லைக் கடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

கடைசியாக ஏறியவள் அவருடைய தங்கை உலகம்மை. இடுப்பில் கைக்குழந்தை.

ஆசாரி தண்ணீரில் பாய்ந்தார். வள்ளத்துக்குள் ஏறி, மூன்றாம் பலகையில் இடுப்பிலிருந்த உளியை வைத்து வெறுங்கையால் அழுத்தினார். பிடி வரைக்கும் இறங்கியது. உருவினார். தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே வந்தது.

"பாத்துக்கிடுங்க! இதிலேதான் உங்களைக் காயலுக்கு அனுப்பப் பாத்தாரு இந்த மனுசன்!"

பெண்கள் அலறிக்கொண்டு இறங்கினார்கள். திரவியம் கரையிலிருந்து கத்தினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முழங்கால் தண்ணீரில் நின்று உலகம்மை கேட்டாள்: "அண்ணே, உனக்கு இது எப்பம் தெரியும்?"

"நேத்தே சண்டை போட்டேன், உலகம்மை. அவருதான்..."

"நான் ஏறாம இருந்திருந்தா?"

ஆசாரி உளியை இடுப்பில் செருகினார். பெண்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரவியத்தை ஒருத்தியும் பார்க்கவில்லை.