கண்ணில் மஞ்சள்

கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையில் தணிகைவேல் பதினாறு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறான். ஷிப்டு முடிந்ததும் புதுவாயலில் இறங்கி, ஒரு குவாட்டர் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். போன வருடம் அது இரண்டாகியிருந்தது.

அந்த மார்ச்சில் ஆலையில் உடல் பரிசோதனை. நர்ஸ் பிரின்சி அவனை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திக் கண்ணைப் பார்த்தாள். மஞ்சளாக இருந்தது. கணுக்காலை அழுத்தினாள். விழுந்த குழி அப்படியே நின்றது.

"எத்தினி நாளாண்ணே வீக்கம்?"

"நாள் பூரா காலைத் தொங்கப் போட்டுக்கினு உக்காந்தா வீங்காதா? கிரேன் ஓட்டலாம்னு கையெழுத்துப் போடும்மா."

"மாட்டேன். நீங்க கிரேன்ல ஏறக் கூடாது. முதல்ல ஆஸ்பத்திரி."

எல்லாருக்கும் கேட்கும்படி அவளைத் திட்டிவிட்டுப் போனான். பிரின்சி அவன் மனைவி நர்மதாவுக்குப் போன் செய்தாள். மறுநாளே நர்மதா அவனைத் திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். டாக்டர் கேட்டார்: "தினமும் குடிப்பீங்களா?"

"எப்பவாச்சும் சார்."

நர்மதா தலையைக் குனிந்துகொண்டாள். தணிகைவேல் அவளைப் பார்த்தான்.

"பொய் சார். தினம் ரெண்டு குவாட்டர்."

"சொன்னது நல்லதாப் போச்சு. கல்லீரல் வீங்கி, தழும்பும் விழ ஆரம்பிச்சிருக்கு. வயித்துல நீர் கோத்திருக்கு. குடியை நிறுத்தியே ஆகணும். ஆனா வீட்லயே திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம். இங்க அட்மிட் ஆயிடுங்க."

இரண்டாம் நாள் கை உதறியது. சுவரெல்லாம் எறும்பு என்று கத்தினான். ஊசி மருந்தில் மெல்ல அடங்கினான். உப்பைக் குறைத்து, முட்டையும் பருப்புமாக நர்மதா ஊட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பிரின்சி பார்க்க வந்தபோது, வெட்கத்தில் தூங்குவதுபோலப் படுத்துக்கொண்டான்.

பதினொரு மாதம் அவன் ஒரு சொட்டும் தொடவில்லை. வீக்கம் வடிந்தது, ரத்தப் பரிசோதனை முடிவும் தேறியது. "தழும்பு முழுசாப் போகாது. ஆனா குடிக்காத வரைக்கும் மீதிக் கல்லீரல் உங்களைத் தாங்கும்" என்றார் டாக்டர்.

மறுநாள் காலை ஆலையில் பிரின்சியின் அறை வாசலில் போய் நின்றான்.

"அன்னிக்கு வாய்க்கு வந்தபடி திட்டிட்டேம்மா."

"அதெல்லாம் உடுங்கண்ணே."

"எப்டி உடறது? என்னை மேல ஏத்தியிருந்தா நானும் போயிருப்பேன், கீழ நிக்கிறவங்களும் போயிருப்பாங்க. நீதாம்மா காப்பாத்தின."

பிரின்சி நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"நாஷ்டா ஆச்சாண்ணே?"

"ஆச்சும்மா. நாலு இட்லி. இப்பல்லாம் நல்லா பசிக்குது."