பித்தளைத் தகட்டின் மறுபக்கம்

மனைவி பல் டாக்டர்; கணவன் பெயர்ப்பலகை செதுக்குபவன். மறுநாள் காலை அவளுடைய சொந்த கிளினிக் திறப்பு. பரிசுக்கு அவன் மண்டையை உடைத்துக்கொள்ளவா வேண்டும்? பித்தளைத் தகட்டில் அவள் பெயரை வெட்டி, கூடவே தன் குடும்பப் பெயரான ‘நஜ்ஜார்’ என்பதையும் ஆசை ஆசையாகச் சேர்த்துவிட்டான்.

துணியை விலக்கியவளின் முகம் சுண்டிப்போனது.

"எங்க வாப்பா பேர் எங்க? நாளைக்கு அவர் வருவாரே! படிக்க வச்ச மனுசனை வாசல்லயே காணோம்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது?"

"நீ எங்க வீட்டுப் பொண்ணுதானே இப்ப?"

"பொண்டாட்டி! உங்க வாப்பா எனக்கு மாமாங்க."

அவனுக்குத் தெரியாததா? அவர்கள் வழக்கத்தில் பெயர் ஒரு சங்கிலி. முதலில் தன் பெயர், பிறகு தகப்பன், பாட்டன், கடைசியில் குலமோ தொழிலோ. ஒவ்வொரு கண்ணியும் இன்னாருக்குப் பிறந்தவர் என்றுதான் சொல்லும். கல்யாணம் அதில் கை வைக்காது. ஆனால் கடைக்கு வரும் தம்பதிகளெல்லாம் புருஷன் பெயரையே சேர்க்கச் சொல்ல, அவன் கை அப்படிப் பழகிவிட்டது.

டீயோடு வந்த அவன் உம்மா எட்டிப் பார்த்தாள். "நஜ்ஜார்னா தச்சர்டா! பல்வலின்னு வர்றவன், உள்ள ரம்பம் இருக்குன்னு ஓடிடுவான்."

"நீங்களும் நஜ்ஜார்தானே உம்மா?"

"உங்க வாப்பாவுக்குக் கழுத்தத்தான் நீட்டுனேன், பேரை நீட்டல. நான் அத்தர் வீட்டுப் பொண்ணு, வாசனை வியாபாரம் பண்ணுன குடும்பம். நீ பொறந்ததுலேருந்து தெருவே ‘பெரியவனோட உம்மா’ன்னு கூப்பிடுது. உனக்கே மறந்துபோச்சு!"

பித்தளையில் வெட்டிய எழுத்தை அழிக்க முடியாது; தேய்த்தால் பள்ளம் விழும். ஆனால் தகட்டுக்கு இரண்டு முகம் உண்டே! அவன் அதைத் திருப்பிப் போட்டு இடுக்கியில் இறுக்கினான்.

"சொல்லு, உங்க வாப்பா பேரு."

தகப்பன் பெயரோடு பாட்டன் பெயரையும் சொன்னாள்.

"அவருமா?"

"இடம் இருக்கே!"

வெட்டி முடித்து மெருகேற்றியதும், தகப்பன் பெயரை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துச் சிரித்தாள். உம்மா தொண்டையைச் செருமினாள்.

"மிச்சத் தகடு இருக்காடா? வீட்டு வாசலுக்கு எனக்கு ஒண்ணு."

மறுநாள் திறப்பு முடிந்து வீடு திரும்பிய அவன் வாப்பா, வாசலில் உம்மாவின் பெயரும் அத்தர் குடும்பப் பெயருமாக மின்னிய பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு பவ்யமாக மணியை அடித்தார்.

"அம்மா, இங்க ஒரு தச்சருக்கு வாடகைக்கு இடம் கிடைக்குமா?"