ரோசலினின் வாய்

...பின்வேலி ஓட்டை வழியாகப் போனால் அவள் கண்ணில் படாமல் போய்விடலாம், கண்ணில் பட்டால் கூடப் போகட்டும், வாயில் படக்கூடாது, ரோசலினின் வாய் அப்படி, முப்பது வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருந்து உயிரை வாங்குகிறாள், ‘அடேயப்பா, இந்தப் பலாவில் எத்தனை காய்’ என்று அவள் சொன்ன மறுமாதம் பலா பட்டுப்போனது, ‘இந்தக் கோழி நல்லா இடுது போல’ என்றாள், கோழி அதோடு நிறுத்திக்கொண்டது, இப்போது பெண்டாட்டி எமலின்... அமரபால சோற்றுப் பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேலிக்குள் குனிந்தார், முதுகில் முள் இழுத்தது, இழுக்கட்டும், வாசல் வழியாகப் போனால் ‘எங்கே போறீங்க’ என்று நிச்சயம் கேட்பாள், ஒரு காரியத்துக்கு இறங்கும்போது கேட்கக் கூடாத கேள்வி அது என்று எந்தக் கழுதைக்கும் தெரியும், இவளுக்குத் தெரியாதா, தெரிந்துதான் கேட்கிறாள். எழுபத்துமூன்று வயதில் அவருக்குப் பிடிக்காத சொற்கள் கூடிக்கொண்டே போயின, ‘எங்கே போறீங்க’ ஒன்று, ‘இன்னும் அப்படியே இருக்கீங்களே’ ஒன்று, எல்லாவற்றிலும் கேடுகெட்டது ‘பயப்பட ஒண்ணுமில்லை’, தம்பிக்கும் அதைத்தான் சொன்னார்கள், வெள்ளைச் சட்டை போட்டவர் சிரித்துக்கொண்டே சொன்னார், மூன்றாம் நாள் அவன் சாவுக்குச் சந்தி முழுக்க வெள்ளைக் கொடி கட்டினோம். நாளைக் காலை எமலினின் வயிற்றை வெட்டப் போகிறார்கள். உள்ளே கட்டி. எலுமிச்சம்பழம் அளவு என்றார்கள். கட்டிக்கு எதற்குப் பழத்தின் பெயர்...

வயல் வரப்பு முழுக்கச் சேறு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார், சாவை நினைக்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், சொல்லச் சொல்ல அதுதான் முன்னால் வந்து நின்றது. எமலினுக்கு ஒரு தலைவலி என்று கூடப் படுத்துப் பழக்கமில்லை, அப்படிப்பட்டவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், ரோசலின் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, ‘உங்களுக்கென்ன எமலின் அக்கா, வயசே போகல்ல’ என்றாள், அவ்வளவுதான், அன்று பகலே எமலின் சுருண்டு விழுந்தாள். நாவூறு என்றால் இதுதான். காய்ந்த மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டார், ஒரு கமறல் இல்லை, இருமல் இல்லை, மிளகாய் எரிந்து நாறாவிட்டால் நாவூறு பலமானது என்று அர்த்தம், யாருடைய நாவூறு என்று கேட்கவா வேண்டும்?

பஸ் தரிப்பிடத்தில் ரோசலின் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் புடவை, கையில் வெறும் பித்தளைச் செம்பு. எந்த வழியால் வந்தாளோ, சேற்றில் நடந்து, முள்ளில் முதுகைக் கிழித்துக்கொண்டு வந்தது எல்லாம் வீண். திரும்பிப் போகலாமா என்று நினைப்பதற்குள் வாயைத் திறந்துவிட்டாள்.

“எங்க போறீங்க அய்யே, இந்த வெயிலுக்குள்ள, செருப்பும் கையுமா?”

அய்யேயாம், அண்ணனாம், இவளைத் தங்கையாகப் பெற எந்தத் தாய்க்கு விதி... “கேட்டுட்டியா? கேக்காட்டி உனக்குச் சோறு செமிக்காதே. நாளைக்கு அவளுக்கு வயித்தை வெட்டுறாங்க. இப்ப சந்தோஷமா?”

“ஐயோ, இது என்ன பேச்சு! போதி மரத்துக்குத் தண்ணி ஊத்திட்டு வாறேன். அக்காவுக்காக. இன்னையோட ஏழு நாள்.”

“ஊத்துவே, ஊத்துவே. நீ வாய் வச்சதுலதானே அவள் படுத்தாள். அது வாயா? பாம்புப் புத்து!”

ரோசலினின் முகம் மாறியது. செம்பை மடியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். “என் வாயா? என் வாயைச் சொல்ல வந்துட்டார் பெரிய மனுஷன். என் மருமகள் புள்ளையைக் குளிப்பாட்டுறப்ப வேலிப்பக்கத்துக் கதவை ஏன் சாத்துறாள்? எனக்குப் பயந்தா? சூளையில அந்தக் காலத்துல ஏன் உங்களை...” சட்டென்று நிறுத்திவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ் வந்துவிட்டது. “போங்க. போயிட்டு வாங்க. நான் ஒண்ணும் சொல்லலன்னு அக்காகிட்ட சொல்லுங்க.”

சூளையில் ஏன் என்னை என்ன? பஸ்ஸுக்குள் கம்பியைப் பிடித்து நின்றபோது அதுதான் தலைக்குள் சுற்றியது, பொய்க்காரி, ஒன்றும் இருக்காது, எதையாவது கொளுத்திப் போடுகிறாள், செங்கற் சூளையில் அவருக்கு என்ன குறை, முப்பத்தொரு வருஷம், பெர்னாந்து முதலாளி அவரைத்தான் நம்பினார், சூளை பிரிக்கிற நாளில் மற்றவர்கள் எல்லாம் முகத்தில் துணி கட்டிச் சாம்பலைக் கிளறும்போது, ‘அமரபால, ஓடிப்போய்ச் சந்தியில சுருட்டு வாங்கிட்டு வா’ என்பார், இரண்டு மைல், போய்த் திரும்பும்போது கல் எல்லாம் இறக்கி அடுக்கியிருப்பார்கள், ஒவ்வொரு சூளைக்கும், தவறாமல்... முதலாளியின் சட்டைப் பையில் சுருட்டுக் கட்டு துருத்திக்கொண்டிருக்கும். அதை அவர் பார்த்திருக்கிறார். பார்த்தும், பெரிய மனிதர் ஒரு கட்டு போதாது என்று நினைக்கிறார் என்று எண்ணிக்கொண்டார். முதல் வருஷம் மட்டும் அனுப்பவில்லை. அந்த வருஷம் மேல்வரிசையை எடுத்தவுடனே, ‘இப்படி ஒரு சிவப்பு என் ஆயுசுல பார்த்ததில்ல’ என்று இவர்தான் கத்தினார், கீழே பாதிச் சூளை வெடித்துக் கிடந்தது, மண்ணில் ஈரம் என்றார்கள், ஆமாம், மண்ணில் ஈரம்தான், வேறென்ன? அதற்குப் பிறகுதான் சுருட்டு. கம்பியில் கை வழுக்கியது. சூளையின் முகப்பில் புள்ளி போட்ட பழைய பானையைக் கட்டியிருந்தார்கள், கண்படாமல் இருக்க, நாவூறு படாமல் இருக்க, அந்தப் பானையைக் கட்டச் சொன்னதும் அதே வருஷம்தானா? அதைக் கட்டும்போது ஒருவன் கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லையே...

யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். பக்கத்தில் ஒரு பெண், மடியில் குழந்தை, மடிப்பு மடிப்பாகக் கை, குழந்தை அவரைப் பார்த்துப் பல்லில்லாமல் சிரித்தது, என்ன கொழுகொழு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, வந்ததை அப்படியே கடித்தார், வாய்க்குள் உப்புக் கரித்தது. சொல்லியிருந்தால்? ஒன்றும் நடந்திருக்காது. ஒன்றும் நடந்திருக்காதா? அந்தப் பெண் குழந்தையை மறுபக்கத் தோளில் போட்டுக்கொண்டாள், வெயிலுக்காகத்தான், வெயில் இந்தப் பக்கம்தான் அடித்தது. அவர் ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்தார். பலாவை முதலில் எண்ணியது யார்? ரோசலின் வருவதற்கு முன்னால், விடியற்காலையில், பல் விளக்கிக்கொண்டே, நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு என்று சத்தமாக... சீ. எண்ணினால் என்ன? தன் மரத்தைத் தானே எண்ணக்கூடாதா? கோழியை விடு. எமலினை எடு. அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள் என்றால், எதற்கு உட்கார்ந்தாள், காலை வேளையில் உட்காருகிறவளா அவள், வயிற்றைக் கையால் அமுக்கிக்கொண்டு அல்லவா உட்கார்ந்திருந்தாள், அதைப் பார்த்துவிட்டுத்தானே ரோசலின், பாவம், தேற்றுவதற்காக... அப்படியானால் வலி முதல்நாளே வந்திருக்கிறது. முதல்நாள் அந்தியில் எமலின் கிணற்றடியிலிருந்து இரண்டு வாளித் தண்ணீரைச் சிந்தாமல் தூக்கி வந்தாள். அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னார்? சிரித்துக்கொண்டு, பெருமையாக, ஊருக்கே கேட்கும்படி: ‘உனக்கு என்னடி, கருங்கல்லு, நோவு கூட உன்கிட்ட வரப் பயப்படும்.’

பஸ் நின்றது, நடத்துனர் தட்டி எழுப்பினான், “சீயா, ஆஸ்பத்திரி, இறங்கல்லியா?” தாத்தா என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டான். பார்சலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தது. வார்டில் பெண்களின் வரிசை, கடைசிக்கு முந்திய கட்டிலில் எமலின், ஆஸ்பத்திரி உடுப்பில் யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி, தலையை இரண்டாகப் பின்னிவிட்டிருந்தார்கள், முகம் தெளிந்திருந்தது, நேற்றைவிட எவ்வளவோ தெளிந்திருந்தது, அதைப் பார்த்த உடனே உதட்டைப் பல்லால் அழுத்திக்கொண்டார். சொல்லாதே. பார்சலை அவிழ்த்துக் கொடுத்தார். அவள் பிசைந்து சாப்பிட்டாள், “பருப்புல உப்புப் போட மறந்துட்டீங்க” என்றாள், அவர் தலையை ஆட்டினார். மிஸ்ஸி, அந்த வார்டுத் தாதி, வந்து கட்டில் பலகையைப் பார்த்துவிட்டு, “நாளைக்கு முதல் ஆள் இவங்கதான். பயப்பட ஒண்ணுமில்லை சீயா” என்றாள். வேறு நாளாக இருந்தால் அவளை ஒரு பிடி பிடித்திருப்பார். இன்று அந்தச் சொல் கூட எங்கோ தூரத்தில் விழுந்தது.

“என்ன, வாயில கொழுக்கட்டையா? வந்ததிலேருந்து ஒரு சத்தத்தைக் காணோம்” என்றாள் எமலின்.

“ஒண்ணுமில்ல.”

“ரோசலின் கேட்டாளா என்னைப் பத்தி?”

“ம்.”

எதிர்க்கட்டிலில் ஒருவன் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தான், எதற்கும் பயமில்லாமல் பேசினான். இவருக்கும் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும், நாற்பத்தெட்டு வருஷத்தில் சொல்லாதது, நாளைக்குப் பிறகு சொல்ல முடியாமலே போய்விட்டால்... அழகு என்று சொல்லக் கூடாது, திடம் என்று சொல்லக் கூடாது, சீக்கிரம் வந்துவிடுவாய் என்று சொல்லவே கூடாது, பின்னே எதைச் சொல்வது, நஞ்சு ஒட்டாத சொல் ஒன்று இருக்குமா? கட்டில் விளிம்பைப் பிடித்தார். வாயைத் திறந்தார். “எமலின், நீ...”

“இஞ்சாருங்க,” என்றாள் அவள், அவசரமாக, சிரித்துக்கொண்டே, “போத்தல்ல தண்ணி முடிஞ்சுது. கொஞ்சம் நிரப்பிட்டு வாங்களேன்.”

அவர் போத்தலை எடுத்துக்கொண்டு நடந்தார். நடைக்கூடத்தின் கோடியில் குழாய். பாதி வழியில்தான் கைக்குப் பாரம் தெரிந்தது. தூக்கிப் பார்த்தார், கழுத்துவரை தண்ணீர். ஒவ்வொரு சித்திரைக்கும் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறி, பணியாரம் பொங்குகிற நேரத்துக்குச் சரியாக, ‘கிணத்துக் கயிறு அறுந்த மாதிரி இருக்கு, பார்த்துட்டு வாங்களேன்’ என்பாள், இதே சிரிப்பு, கயிறு ஒரு தடவை கூட அறுந்திருந்ததில்லை, முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து சேரும்போது பணியாரம் எல்லாம் தட்டில் இருக்கும்... எத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியும்? தெரிந்துகொண்டா பக்கத்தில் படுத்திருந்தாள்? அன்று அந்தியில், இரண்டு கையிலும் வாளி, அனுப்புவதற்கு ஒரு வேலையும் வாயில் வராமல், கருங்கல்லு என்று அவர் சொன்னதை நின்று கேட்டாளே, அப்போது அவள் முகம் எப்படி இருந்தது, அவர் ஏன் பார்க்கவில்லை?

குழாயடியில் யாரும் இல்லை. பார்வையாளர் நேரம் முடிய இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அமரபால முழுப் போத்தலையும் தொட்டியில் கவிழ்த்தார், கடைசிச் சொட்டு வரை வடியவிட்டார், பிறகு குழாயைக் கொஞ்சமாக, நூல் மாதிரி விழும்படி திறந்து, போத்தலை அதன் அடியில் பிடித்துக்கொண்டு நின்றார்.