சுழற்றிப் பிழிந்த பாஸ்தா

லாண்டரிக்காரருக்கு மகள் என்றால் உயிர். வாய்தான் சும்மா இருக்காது. பட்டாணி என்று வீட்டில் கூப்பிடும் அந்தப் பெண், படிப்பை முடித்த கையோடு ஓர் உணவகத்தில் சாலட் கலக்கும் வேலையில் சேர்ந்தாள். "நாலு பேருக்கு இலைதழை நறுக்கிப் போடவா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று கேட்டுவிட்டார் மனுஷன். அன்றைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். எட்டு மாதம் ஆயிற்று. போனில் அப்பா குரல் கேட்டால், "அம்மாகிட்ட குடுங்க." அதற்குமேல் ஒரு சொல் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மிச்சமிருந்த துணிகளை எடுத்துக்கொள்ள வருவதாகச் சொல்லியிருந்தாள். ஒரு மணிக்கு வந்தால் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவாளாம். அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டால், அப்புறம் இந்தப் படியேற அவளுக்கு என்ன இருக்கிறது? அப்பாவுக்கு இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

"இன்னிக்கு நான் சமைக்கிறேன்" என்றார் காலையில்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க, அடுப்பை எந்தப் பக்கம் திருகணும்னாவது தெரியுமா?"

"அவ பண்ற பாஸ்தா சாலட்டையே பண்ணப்போறேன்."

"அது என்னன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"கறை சொல்லுச்சு."

நிஜந்தான் கண்ணுகளா. அந்த உணவகத்தில் கை, வாய் துடைக்கும் துணி நாப்கின்கள் வாரம் இரண்டு மூட்டை அவர் கடைக்குத்தான் வரும். மகளின் கைச்சமையலை எட்டு மாதமாக அவர் துணியில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பழுப்பாகப் பரவினால் சோயா சாஸ். அதைச் சுற்றி வளையம் கட்டினால் வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய். நெசவுக்குள் மாட்டிக்கொண்ட நார் இஞ்சி. வெந்நீருக்கும் மசியாமல் அடம்பிடிப்பது வேர்க்கடலை விழுது. புளிப்புக்கு என்ன என்றுதான் தெரியவில்லை. மூக்குக்கிட்டே வைத்து நாலு வாரம் மோந்து பார்த்து, எலுமிச்சை என்று கண்டுபிடித்தார்.

எல்லாவற்றையும் ஒரு பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் தேனும் நசுக்கிய பூண்டும் சேர்த்து, மூடியை இறுக்கிக் குலுக்கினார். மனைவி ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "குறை சொல்லலாம்னு பார்த்தேன். முடியலையே!" என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சுருள் பாஸ்தாவைப் பாக்கெட்டில் எழுதியிருந்தபடியே வேகவைத்து வடிகட்டியும் விட்டார். ஆனால் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"ஈரம் இருந்தா எதுவும் ஒட்டாதும்மா. முப்பது வருஷ அனுபவம்" என்றவர், சட்டியோடு கீழே கடைக்கு இறங்கினார். மெல்லிய துணிகளைப் போட்டுத் துவைக்கும் வலைப்பை, பிரிக்காத புதிது ஒன்றில் பாஸ்தாவைக் கொட்டிக் கட்டினார். துணி பிழியும் இயந்திரத்தில் போட்டு மூன்று நிமிடம் வைத்தார்.

"ஐயோ, அது என்ன போர்வையா?" என்று மனைவி ஓடி வருவதற்குள் இயந்திரம் சுழன்று நின்றுவிட்டது. பைக்குள்ளே தட்டையாக ஒரு கட்டி. மேலெல்லாம் வலையின் அச்சு.

கடை மணி அடித்தது. வாசலில் பட்டாணி நின்றாள்.

"கையில என்னப்பா அது?"

"பாஸ்தா."

"போன ஜென்மத்துலயா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோபம் ஞாபகம் வரவே முகத்தை இறுக்கிக்கொண்டு, "என் துணி எங்கம்மா?" என்றபடி மாடியேறினாள். சமையல் மேடையில் பாட்டிலைப் பார்த்ததும் கால் நின்றது. திறந்து மோந்தாள். விரல் நுனியில் தொட்டு ருசித்தாள்.

"இது எங்க சாலட்ல ஊத்துற டிரெஸ்ஸிங். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பின்னாலேயே ஏறி வந்தவர், கையிலிருந்த கட்டியை மேடையில் வைத்தார். அம்மாதான் சொன்னாள்: "உங்க நாப்கின் மூட்டை வந்தா வேற யாரையும் தொடவிட மாட்டாருடி. ஒவ்வொண்ணா பிரிச்சு, இது பட்டாணி பண்ணது, இதுவும் பட்டாணி பண்ணதும்பாரு. நல்லா தின்னிருக்கானுங்கன்னு அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்."

பட்டாணி பாட்டிலை மெல்லக் கீழே வைத்தாள். "எங்கிட்டயே கேட்டிருக்கலாம்ல?"

"நீதான் போனை அம்மாகிட்ட குடுக்கச் சொல்லுவியே" என்றார்.

அவள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். "இன்னொரு பாக்கெட் இருக்கா?"

"மூணு வாங்கினேன்."

"உங்கமேல உங்களுக்கே எவ்வளவு நம்பிக்கை!"

புதிதாக வேகவைத்ததைக் குளிர்ந்த நீரில் அலசி, வெள்ளைத் துணியில் பரப்பினாள். "பிழியக் கூடாதுப்பா. மேலாக ஒத்தி எடுக்கணும்."

"பட்டுக்குச் செய்யற மாதிரி."

"அதேதான்."

நறுக்கிக் கழுவிய முட்டைக்கோஸை இன்னொரு வலைப்பையில் போட்டு அவர் கையில் கொடுத்தாள். "இதை வேணா சுத்துங்க. பத்தே செகண்ட்!" அவர் படியில் இரண்டிரண்டாக இறங்கினார். கேரட், வெள்ளரி, குடைமிளகாய், வெங்காயத்தாள் எல்லாம் சேர்ந்தன. டிரெஸ்ஸிங்கில் பாதியை ஊற்றிக் கிளறி, ஊறட்டும் என்று விட்டாள். மீதியைச் சாப்பிடும் நேரத்தில் ஊற்றி, வறுத்த கடலையைத் தூவினாள்.

மூன்று பேரும் உட்கார்ந்தபோது மணி இரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அவர் முள்கரண்டியைத் தொடவில்லை.

"பட்டாணி, அன்னிக்கு நான் பேசினது தப்பு."

முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவ்வளவுதான் சொன்னார். அம்மாவின் கை பாதியில் நின்றது. மகள் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"ஆமாம்பா. தப்புதான்." ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். "இஞ்சியும் ஜாஸ்தி."

"அளவு துணியில தெரியலைடா."

பட்டாணி சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை எடுத்து உணவகத்துக்குப் பேசினாள். "அண்ணா, நான் வர மூணு மணி ஆகும்... உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லை. எங்கப்பா சமைச்சிருக்காரு... அட, நிஜமாத்தான்... ம், சாப்பிடற மாதிரிதான் இருக்கு."

போனை வைத்துவிட்டு, அப்பாவின் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி அள்ளி வைத்தாள்.