பொட்டு வைத்த கம்பி

ஆயுத பூசை முடிந்து மிஷினைப் போட்ட கொஞ்ச நேரத்திலேயே எண்ணெய் மணம் மாறிவிட்டதை ஜெயகௌரி கவனித்தாள். பிளேஸ்டோவில் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த அந்த முறுக்குத் தொழிற்சாலையில் பொரிக்கும் தொட்டி அவளுடைய பொறுப்பு. சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் மிஷினின் வேலை. எண்ணெய்க்குள் அமிழ்ந்து சூட்டை அளக்கும் உணரிக் கம்பி சொல்வதைக் கேட்டு அது ஹீட்டரைத் தானாக ஆட்டிவைக்கும். நூற்றெண்பது பாகையில் நிற்கவேண்டிய மிஷின் திரை இருபத்தாறு காட்டியது. தொட்டியிலிருந்தோ நீலப்புகை எழுந்தது.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ! எண்ணெய் எரியப்போகுது."

மேற்பார்வையாளன் குகதாசன் நெற்றிக் குங்குமம் கலையாமல் வந்தான்.

"இருவத்தாறிலை எண்ணெய் எரியுமோடி? பூசையண்டு அபசகுனமாக் கதையாதை."

"பின்னாலை ஜெனோஜா நிக்கிறாள் அண்ணை!"

தொட்டிக்கும் சுவருக்கும் இடையே குந்தியிருந்து, கூட வேலை செய்யும் ஜெனோஜா பூசைப் பூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே வருவதென்றால் தொட்டியை உரசிக்கொண்டுதான் வரவேண்டும்.

ஜெயகௌரி சிவப்புப் பொத்தானுக்குக் கையை நீட்டினாள். குகதாசன் அவள் பின்னலைப் பிடித்து இழுத்து அறைந்தான். உதடு கிழிந்தது.

"போன கிழமையும் நீதான் நிப்பாட்டினனீ. மா முழுக்க நாசம். இனிப் பொத்தானிலை கை வைச்சியெண்டா முறிப்பன்."

திரும்பிய முகத்துக்கு நேரே அந்தக் கம்பி தெரிந்தது. சந்தனமும் குங்குமமும் பூசி, மாலை சுற்றி, சுவர்க் கொளுக்கியில் தொங்கியது. பொட்டு வைக்கக் காலையில் கழற்றியவன் குகதாசன். திரும்ப மாட்டவில்லை. மிஷின் எண்ணெய்க்குப் பதிலாக அறைக் காற்றை அளந்துகொண்டு ஹீட்டரை முழுமூச்சில் எரித்துக்கொண்டிருந்தது. சூடு மிஞ்சினால் மின்சாரத்தை வெட்டும் பாதுகாப்புக் கருவியையும், அடிக்கடி வெட்டுகிறது என்று அவனே முன்பு முடக்கியிருந்தான்.

அவள் அவன் கையை இரத்தம் வரக் கடித்தாள். பிடி விட்டது. பொத்தானைக் குத்தினாள். ஹீட்டர் நின்றது. ஆனாலும் எண்ணெய் பற்றிக்கொண்டது.

ஜெனோஜா வீரிட்டாள். குகதாசன் பூசைக்கு வைத்த மஞ்சள் தண்ணீர் வாளியைத் தூக்கினான்.

"தண்ணி ஊத்தாதேங்கோ! வெடிச்சு அவளிலைதான் கொட்டும்!"

அவன் அவள் வயிற்றில் உதைத்தான். விழுந்தவளின் கையில் தொட்டி மூடியை இழுக்கும் இரும்புத் தண்டு அகப்பட்டது. எழுந்து ஓங்கி அடித்தாள். அவன் மணிக்கட்டு முறியும் சத்தம் கேட்டது. வாளி உருண்டது. அவன் மறுகையால் அவள் கழுத்தைப் பிடிக்கப் பாய, முழங்காலில் இன்னொன்று போட்டாள். சுருண்டு விழுந்தான்.

தண்டை மூடியில் கொளுவி இழுத்தாள். நெருப்பு முழங்கைவரை நக்கியது. தோல் கருகும் மணத்தோடு இழுத்தாள். மூடி விழுந்தது, தீ திணறி அடங்கியது. ஜெனோஜா புருவம் பொசுங்கி, இருமிக்கொண்டே தவழ்ந்து வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"என்ரை கையை முறிச்சுப்போட்டாள்! பொலிசைக் கூப்பிடுங்கோ!" குகதாசன் நிலத்தில் கிடந்து அலறினான்.

"ஓம், கூப்பிடுங்கோ." வெந்த கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தபடி ஜெயகௌரி சொன்னாள். "அவை வருமட்டும் அந்தக் கம்பியை ஒருத்தரும் தொடாதேங்கோ. மாலையும் பொட்டும் அப்பிடியே கிடக்கட்டும்."