மூன்று விரல் துரு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. புதுச்சேரி கதிர்காமத்தில் மேனகாவின் தையல் கடையில், பேண்ட்டின் உயரத்தைக் குறைத்து வாங்கக் காத்திருந்தபோது அவரே கொடுத்தது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அழுவுற மாதிரி எழுதாதீங்க சார். நான் ஜெயிச்ச கதை இது."

தொடங்குகிறேன்.

'மேசைமேல் அந்தக் கறுத்த துப்பாக்கி மரணத்தைப் போல—'

(அடித்துவிட்டேன். அது மேசைமேல் சும்மாதான் கிடந்தது.)

'வெளியே மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்—'

(மழை எதற்கு? துருவுக்கு எங்கள் ஊர்க் கடல் காற்றே போதும்.)

2

நேராகவே சொல்கிறேன். மேனகாவின் அப்பா ஆதிமூலம் மில் காவலாளி. பிரெஞ்சு ராணுவம் கழித்துவிட்ட கைத்துப்பாக்கி ஒன்றை ஒரு சொல்தாவிடம்* வாங்கி, முறையாக லைசென்ஸும் எடுத்து, மில் மூடிய பிறகும் வைத்திருந்தார். வாங்கும்போதே அது கிழடு. ஆனாலும் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார். தேங்காய் எண்ணெய் நாளானால் பிசினாகிவிடும் என்று தையல் மெஷின் எண்ணெய்தான் போடுவார். தோல் உறை ஈரத்தை இழுக்கும் என்று மரப்பெட்டியில் வைப்பார்.

இவ்வளவு விவரமான மனிதர் ஆயுத பூஜை வந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடுவார். சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்து, மூன்று விரலால் அதன்மேல் பட்டை போட்டுவிடுவார். மறுநாள் பூஜை கலைந்ததும் முதல் வேலையாகத் துடைத்து எண்ணெய் போடுவார்.

கடைசி ஆயுத பூஜைக்கும் பட்டை போட்டார். மறுநாள் துடைப்பதற்கு அவர் இல்லை. பட்டையோடேயே அது பெட்டிக்குள் போனது.

*பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

3

பெட்டியைத் திறக்க மேனகாவுக்கு ரொம்ப நாள் மனம் வரவில்லை. திறந்தபோது சந்தனம் உதிர்ந்து, அது இருந்த இடத்தில் துரு மூன்று கோடாகப் படிந்திருந்தது.

"வுட்டுடுக்கா," என்றான் தம்பி எழிலரசன். "பழைய இரும்பு. வெடிக்காது. வெடிச்சா உன் கைதான் போவும்."

லைசென்ஸ் மேனகா பெயருக்கு மாற வேண்டுமானால் துப்பாக்கி போலீஸ் ஆயுதக் கிடங்கில் சோதனைக்குப் போக வேண்டும். தேறாவிட்டால் வெட்டி உருக்கிவிடுவார்கள்.

(இங்கே எனக்கு மேனகா மேலேயே சந்தேகம் வந்தது. ரவிக்கை தைக்கிறவருக்குத் துப்பாக்கி எதற்கு? கேட்டேவிட்டேன். "யாரயும் சுட இல்ல சார். அப்பா கடசியா தொட்டது அது. உருக்க வுடுவனா?")

துணியும் மெஷின் எண்ணெயுமாக உட்கார்ந்து தேய்த்தார். துரு போனது. அது அரித்த மூன்று பள்ளங்கள் போகவில்லை.

அப்பா இறந்த உடனே துப்பாக்கியை ஒப்படைத்திருக்க வேண்டாமா என்று சட்டம் தெரிந்த வாசகர் கேட்கலாம். வேண்டும்தான். அதற்காக மேனகா ஸ்டேஷனில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

4

துப்பாக்கி என்று எழுதியாயிற்று, வெடிக்காமல் நீங்கள் என்னை விடப்போவதில்லை. போகலாம்.

ஆயுதக் கிடங்குக் காவலர் கலியபெருமாள் அதைக் கழற்றிப் பரப்பினார். கோடுகளைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை பார்த்தார்.

"வெளியத்தான் பள்ளம். உள்ள கண்ணாடியாட்டம் கீதும்மா. யாரு வச்சிருந்தது?"

"அப்பா."

திரும்பப் பூட்டி, தோட்டா போட்டு, மணல் குவியலைப் பார்த்துச் சுட்டார். வெடித்தது. மறுபடி சுட்டார். மறுபடியும் வெடித்தது. கடைசித் தோட்டா வரை எதுவும் சிக்கவில்லை. மேனகா அங்கேயே கைதட்டிவிட்டார். போலீஸ் இடத்தில் கைதட்டலாமா என்றெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை. எழுதும்போது எனக்கும் கைதட்டத்தான் தோன்றுகிறது.

"தேறிடுச்சி," என்றார் கலியபெருமாள். "இந்தக் கோட்ட மட்டும் யார்கிட்டயாவது குடுத்துத் தேய்ச்சிடுங்க. புதுசாட்டம் ஆயிடும்."

"வேணாம் சார். அது அப்பா வெரலு."

5

முடிவுகள்.

(அ) எழிலரசன் அக்காவின் காலில் விழுந்து— (விழமாட்டான். எனக்கு அவனைத் தெரியும்.)

(ஆ) துப்பாக்கி கண்ணாடிப் பெட்டியில், மாலையோடு— (மாலையிலும் ஈரம் இருக்கிறது.)

நடந்தது இவ்வளவுதான். கிடங்கு வாசலில் எழிலரசன் பைக் மேல் உட்கார்ந்திருந்தான்.

"வெடிச்சிச்சா?"

"காதுல வுழல?"

லைசென்ஸ் கைக்கு வந்து, துப்பாக்கியும் வீட்டுக்கு வந்த அன்று மேனகா பெட்டியைத் தம்பி முன்னால் திறந்து வைத்தார். அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தக் கோடுகளின் மேல் மூன்று விரலை மெதுவாக வைத்தான்.

பொருந்தியதா? மேனகா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பெட்டி இதோ, உங்கள் முன்னால்தான் திறந்திருக்கிறது. நீங்களே வைத்துப் பாருங்கள். அதற்கு முன்னால் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். வியர்வை பட்டாலும் துருப்பிடிக்கும்.